கலயத்தின் உள்பக்கம்

திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், கோடையில் காரை ஓரங்கட்டாதவர்கள் குறைவு. நுங்கும் பதநீரும் சாலையோரத்தில் நமக்காகவே காத்திருக்கும். விக்கிரவாண்டி பக்கம் வந்தால் என் கை தானாக இண்டிகேட்டர் போட்டுவிடும்.

போன கோடையிலும் அப்படித்தான் நின்றேன். பனையேறிக்கு ஐம்பது வயது இருக்கும். கையெல்லாம் காய்ப்பு. நெஞ்சில் மரம் உரசி உரசிக் கறுத்த தழும்பு. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, பதநீரை ஊற்ற வந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குள் இருந்த பட்டணத்துக்காரன் விழித்துக்கொண்டான்.

“சுத்தமா இருக்குமாங்க?”

அவர் கோபப்படவில்லை. “கலயத்தைக் கேக்குறீங்களா சார், என்னைக் கேக்குறீங்களா?” என்றார்.

சுருக்கென்றது. ஏனென்றால், நான் கலயத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய விரல் நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரே கலயத்தைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. பாளையின் நுனியைச் சீவினால் சொட்டுச் சொட்டாக இறங்குவது வெறும் இனிப்புச் சாறுதான். ஆனால் அதற்காகக் காற்றிலும், மண்கலயத்தின் நுண்ணிய துளைகளிலும் ஈஸ்ட் காத்துக்கிடக்கிறது. சும்மா விட்டால் மரத்தின் உச்சியிலேயே புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் அந்த ஈஸ்ட்டைக் கட்டிப்போடுகிறது. பதநீர், பதநீராகவே இறங்குகிறது.

“கழுவுறது வேற, சுண்ணாம்பு தடவுறது வேற சார். பழைய வண்டல் ஒட்டிக்கிட்டிருந்தா எவ்ளோ சுண்ணாம்பு போட்டாலும் நிக்காது. மொதல்ல கழுவணும், வெயில்ல காய வைக்கணும். அப்புறந்தான் சுண்ணாம்பு.”

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்களுக்கும் இதுதான் முதல் பாடம். அழுக்கு நீக்குவது ஒரு வேலை. கிருமி நீக்குவது இன்னொரு வேலை. அழுக்கின் மேல் மருந்தைக் கொட்டினால் மருந்துதான் வீண். அடியில் கிருமி பத்திரமாகக் குடியிருக்கும்.

1856-ல் பிரான்ஸின் லீல் நகரத்தில், பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் தொழிலதிபர் ஒருவர் லூயி பாஸ்டரிடம் வந்தார். சில தொட்டிகளில் மட்டும் சரக்கு கெட்டுப் புளித்துப் போகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு உயிர்கள். பக்குவமாவதும் கெட்டுப்போவதும், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நம் வீட்டு இட்லி மாவும் இதே சங்கதிதான்.

சரி, உள்ளே யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பாடத்தில் 1896-ம் வருடத்து ‘கிங்ஸ்டன் காட்டன் மில்’ வழக்கை எல்லோரும் நெட்டுரு போடுவோம். ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தானே ஒழிய, மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல என்பது அதன் சாரம். சந்தேகத்துக்குக் காரணம் இல்லாதவரை நம்பலாம். யோசித்துப் பாருங்கள், நம் வாழ்க்கையே இப்படித்தானே ஓடுகிறது? ஓட்டலின் சமையல்கட்டை யார் எட்டிப் பார்த்தோம்? பனை உச்சியில் கலயம் கழுவப்பட்டதா என்று எந்த இன்ஸ்பெக்டர் ஏறிப் பார்க்கப்போகிறார்?

பார்க்கிற இடத்திலும் கண் ஏமாற்றும். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் வழக்கு! அந்தத் தடை சரியா, தவறா என்பது வேறு விவாதம். ஆனால் 2023 மே மாதம், இதே மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். குடித்தது மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் பார்க்கத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு அதில் ஒன்றுமே இல்லை. இல்லாமல் போனது, விற்கிறவனுக்குக் குடிக்கிறவன்மேல் இருக்கவேண்டிய அக்கறை.

நாமோ ‘சுத்தம்’ என்ற வார்த்தையை வேறு எங்கேயோ செலவழித்துவிட்டோம். டீக்கடையில் சிலருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்த ஊர்கள் இங்கே உண்டு. அந்த டம்ளர் கழுவியதா என்று யாரும் கேட்கவில்லை. யார் வாய் வைத்தது என்றுதான் கேட்டார்கள். படித்து, வேலைக்குப் போய், கார் வாங்கி, அதே கேள்வியைக் கொஞ்சம் நாசூக்காக நானும் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் சுத்தமா என்று கேட்கவே கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். கலயத்தைப் பற்றிக் கேளுங்கள். எப்போது கழுவினீர்கள், எப்படிக் காயவைத்தீர்கள் என்று கேட்டால், அது அவருடைய தொழிலுக்குக் கொடுக்கிற மரியாதை. ஆளைப் பார்த்துக் கேட்டால் அது வேறு.

இன்னொன்று. நம் எல்லோருடைய வேலைக்கும், யாரும் எட்டிப் பார்க்காத உள்பக்கம் ஒன்று இருக்கிறது. மேலே நான் எழுதிய வருடங்களைச் சரிபார்த்தேனா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. நம்பித்தான் படிக்கிறீர்கள். அந்த நம்பிக்கையை நான் கழுவிக் காயவைத்தேனா என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பனையேறி தினமும் ஆள் இல்லாத உச்சியில் செய்கிற வேலையை, ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாம் செய்கிறோமா?

அன்றைக்கு இரண்டு பட்டை குடித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. “கலயத்தைத்தாங்க கேட்டேன்” என்று பொய் சொன்னேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா சார்?” என்றார்.