ஓரத்தில் நின்ற அத்தை

உங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு பெரிய குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவர்கள் லட்சணமாக இருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் மட்டும் யாரோ காதைப் பிடித்து இழுத்த மாதிரி அகலமாகத் தெரிந்தால், அன்றைக்கு அந்த போட்டோகிராஃபரைப் பற்றி வீட்டில் என்ன பேசினீர்கள் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

நான் என்ன பேசினேன் என்று சொல்கிறேன்.

2019 ஜனவரி. பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மேற்கு மாம்பலத்தில் ஒரு மினி ஹால். மினி என்றால் நிஜமாகவே மினி. மேடையிலிருந்து 12 அடி நடந்தால் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். குடும்பத்தில் 31 பேர். "எல்லாரும் ஒரே போட்டோல வரணும், ஒரு தலை விடக் கூடாது" என்று உத்தரவு போட்டது வேறு யாருமில்லை, அடியேன்தான். படமெடுக்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். "சார், ரெண்டு பேட்ச்சா எடுத்துக்கலாமா?" என்று தயங்கிக் கேட்டான். "அதெல்லாம் வேணாம் தம்பி, மறுபடி எல்லாரும் எப்ப சேருவோமோ" என்றேன். அவன் பையிலிருந்து ஒரு குட்டி லென்ஸை எடுத்து மாட்டினான். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு எடுத்தான்.

ஆல்பம் வந்தது. வலது ஓரத்தில் அத்தை. ஆறு மாதமாக வாக்கிங் போய், ராத்திரி சாதத்தை நிறுத்தி, நாலு கிலோ இறக்கியிருந்த அத்தை. படத்தில் எட்டு கிலோ ஏறியிருந்தார். "நான் இப்படியாடா இருக்கேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு ஆல்பத்தைத் தொடவில்லை.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், பாக்கிப் பணம் பத்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "நீ பத்திரிகைக்காரன், கேமராக்காரங்களோடயே சுத்துறவன். நீயே பாத்துச் சொல்லு." பஞ்சாயத்துத் தலைவர் பதவி என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? பையனிடம் லென்ஸ் என்ன விலை என்று கேட்டேன். சொன்னான். (எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.) "அதான் விஷயம். சீப் லென்ஸ்ணே. வைட்ல போனா இப்படித்தான் இழுக்கும்" என்று தீர்ப்பு சொன்னேன். "சார், ஓரத்துல நின்னா எந்த லென்ஸ்லயும்..." என்று அவன் ஆரம்பித்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பாக்கியில் ஐயாயிரம் பிடிக்கப்பட்டது. அவன் சண்டை போடவில்லை. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, வேறொரு கட்டுரைக்காக ஒரு பழைய வீட்டின் குறுகலான நடையைப் படமெடுக்க வேண்டியிருந்தது. ஆபீஸ் போட்டோகிராஃபரிடம் வைட் லென்ஸ் கேட்டேன். கேனானின் 10-18 என்ற குட்டி லென்ஸைக் கொடுத்தார். கையில் வாங்கியதும் பழைய பஞ்சாயத்து ஞாபகம் வந்துவிட்டது.

இந்த லென்ஸுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. எஸ்எல்ஆர் கேமரா ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோது, சாமானியர்கள் வாங்கக்கூடிய கேமராக்களில் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னதாக இருந்தது. பழைய வைட் லென்ஸை அதில் மாட்டினால் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு, வைட் என்பது சாதாரணமாகிவிட்டது. அதற்கு மாற்றாக 2004-ல் கேனான் 10-22 வந்தது. நல்ல லென்ஸ், ஆனால் கேமராவையே இன்னொன்று வாங்கிவிடலாம் போன்ற விலை. பத்து வருஷம் கழித்து, 2014-ல், 10-18 வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை 299 டாலர். அண்ணனுடைய விலையில் பாதிகூட இல்லை. எடை 240 கிராம், அண்ணன் 385. நிக்கானும் 2017-ல் இதே பாணியில் ஒரு 10-20 கொண்டுவந்தது. கல்யாண மண்டபங்களிலும், சின்ன ஸ்டுடியோக்களிலும் 'அகலம்' என்பது பணக்காரர் சமாச்சாரமாக இருந்தது கொஞ்சம் மாறியது.

அகலம் என்றால் எவ்வளவு? கேமராவோடு வரும் சாதாரண 18-55 லென்ஸை வைத்து 12 அடி தள்ளி நின்றால், சுமார் 15 அடி அகலம்தான் படத்தில் விழும். அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் போட்டால் கிட்டத்தட்ட 27 அடி. அந்த மினி ஹாலில், அந்த 31 பேரை, வேறு எதை வைத்தும் ஒரே படத்தில் எடுத்திருக்க முடியாது. சுவரை இடித்திருந்தால் முடிந்திருக்கும்.

அன்றிரவு வீட்டில் ஒரு சோதனை செய்தேன். டைனிங் டேபிளில் ஒரு சாத்துக்குடி. நடுவில் வைத்து எடுத்தால் உருண்டையாக இருந்தது. ஓரத்தில் வைத்தேன், கோழிமுட்டை! "ஆஹா, சொன்னேன் இல்ல" என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மறுநாள் போட்டோகிராஃபரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் பெரிய பையைத் திறந்து, ஃபுல் ஃப்ரேம் கேமராவையும் 16-35 லென்ஸையும் எடுத்துக் கொடுத்தார். சிவப்பு வளையம் போட்ட, ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஜாதி. அதே டேபிள், அதே சாத்துக்குடி.

அதே கோழிமுட்டை.

"லென்ஸைத் திட்டாதீங்க சார். ஜியாமெட்ரியைத் திட்டுங்க" என்றார்.

விஷயம் இதுதான். இந்த வகை லென்ஸ்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நேர்க்கோடு படத்திலும் நேர்க்கோடாகவே வர வேண்டும், தூண் வளையக் கூடாது, கதவு கோணக் கூடாது. அந்த நிபந்தனையை நிறைவேற்ற, ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள்களை இழுத்தே ஆக வேண்டும். 10 மில்லிமீட்டரில் படத்தின் விளிம்பில் ஒரு பந்து, உயரத்தைவிட ஒன்றரை மடங்கு அகலமாக விழும். தட்டையான பலகையாக இருந்தால் இழுபடாது. அத்தை பலகை இல்லையே! உருண்டை உருண்டையாக வேண்டும் என்றால் ஃபிஷ் ஐ என்று வேறு ஜாதி இருக்கிறது. அதில் அத்தை தப்பிப்பார், மண்டபத் தூண்கள் வில்லாக வளையும். தூணா, அத்தையா? இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் கண்ணாடி எந்த விலைக்கும் கிடைக்காது. உருண்டையான பூமியைத் தட்டைக் காகிதத்தில் வரைந்தபோதும் இதே தகராறுதான். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவு இருக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது.

ஓவியர் ரஃபேலுக்கு இது ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வாட்டிகனில் இருக்கும் அவருடைய 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தில், வலது ஓரத்தில் இரண்டு பேர் கையில் உருண்டைகளோடு நிற்பார்கள். கணக்குப்படி அந்த உருண்டைகளை முட்டையாகத்தான் வரைந்திருக்க வேண்டும். மனுஷர் வட்டமாகவே வரைந்துவிட்டார். கணக்கை மீறி கண்ணுக்கு மரியாதை. பாவம், மேற்கு மாம்பலம் பையன் கையில் இருந்தது தூரிகை இல்லை.

இன்னொரு வேடிக்கை. 12 அங்குல அகலப் படத்தை, நடுவுக்கு நேராக ஒற்றைக் கண்ணை வைத்து, ஐந்தரை அங்குலத் தூரத்தில் பார்த்தால் இழுப்பு மறைந்துவிடும். கேமரா நின்ற இடத்தில் உங்கள் கண் நிற்கிறது என்று அர்த்தம். நான் பார்த்தேன். அத்தை பழைய அத்தையாகிவிட்டார். எனக்குக் கிட்டப்பார்வை என்பதால் முடிந்தது.

சரி, அப்படியானால் விலை குறைந்த லென்ஸில் குறையே இல்லையா? உண்டு. கேமராவில் மாட்டும் வளையம் பிளாஸ்டிக். வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே விடும். எஃப் 2.8 லென்ஸ் ஒன்று இதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். மங்கலான மண்டபத்தில், அசையும் மனிதர்களை ஃப்ளாஷ் இல்லாமல் எடுப்பவருக்கு இது நிஜமான நஷ்டம். மூலைகள் கொஞ்சம் இருட்டும். ஆனால் பாருங்கள், விலை கூடிய 10-22-ல் இல்லாத ஒரு வசதி, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு, இந்தக் குட்டியில் இருக்கிறது. இதெல்லாம் விலை வெட்டியதும் விலை கொடுத்ததும். அத்தையின் முகம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. நான் அதை இந்தக் கணக்கில் எழுதிவிட்டேன். ஏன் தெரியுமா? அந்த லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு விஷயம், அதன் விலை.

இப்படித்தானே நாம் எல்லாவற்றிலும் செய்கிறோம்? அரசு ஆஸ்பத்திரியில் உயிர் போனால் "கவனிப்பே இல்லை" என்கிறோம். அதே வியாதியில் பெரிய ஆஸ்பத்திரியில் போனால் "டாக்டர் என்ன பண்ணுவார், விதி" என்கிறோம். அங்கே கவனிப்பு குறைந்தும் இருக்கலாம், இங்கே விதி முடிந்தும் இருக்கலாம். விசாரிக்காமலே இரண்டு வரியையும் தயாராக வைத்திருக்கிறோம். அபார்ட்மென்ட் விளம்பரத்தில் பத்துக்குப் பத்து பெட்ரூமை இதே வைட் லென்ஸ் ஷட்டில் கோர்ட்டாகக் காட்டும்போது, விற்பவர் யாரும் 'லென்ஸ் இழுக்கிறது' என்று புகார் செய்வதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் உண்டு. "இந்த விலைக்கு இது பரவாயில்லை" என்று எழுதுவது. லென்ஸ் விமரிசகர்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம். செங்கல் சுவரைப் படம்பிடித்து, மூலையைப் பெரிதாக்கிப் பார்த்து, குறையைக் கண்டுபிடித்துவிட்டு, போனால் போகிறது என்று மன்னிப்பார்கள். ஏழைக்கேத்த எள்ளுருண்டை. கேட்க நியாயம் போல இருக்கும், எனக்கு இதுவும் பிடிபடவில்லை. படத்தின் கீழே லென்ஸ் விலை அச்சாவதில்லையே? முகம் கெட்டது லென்ஸால்தான் என்றால், அது மலிவு என்பது அத்தைக்கு எப்படி ஆறுதல்? மலிவான ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றாவிட்டால் 'இந்த விலைக்குப் பரவாயில்லை' என்று சொல்ல மண்டை மிச்சமிருக்காது. விலையைச் சொல்லி மன்னிக்கிறவரும் நானும் ஒரே தவறைத்தான் செய்கிறோம். இரண்டு பேருமே பில்லைப் பார்த்துவிட்டுப் பொருளைப் பார்க்கிறோம்.

நான் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா பேப்பரில் 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தை மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்தவன். இப்போது அதன் 16-வது பிரிவு ஞாபகம் வருகிறது. வாங்குகிறவர் இன்ன காரியத்துக்கு என்று சொல்லி, விற்கிறவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு நியாயமான அளவுக்குப் பொருந்த வேண்டும். அவ்வளவுதான் சட்டம் கேட்கிறது. 'உலகத்திலேயே சிறந்ததா' என்று கேட்கவில்லை. நாங்கள் சொன்ன காரியம் என்ன? 12 அடி இடம், 31 தலை, ஒரே படம். ஆல்பத்தை எடுத்து எண்ணினேன். 31 தலையும் இருந்தது.

காஸ்ட் அக்கவுன்ட்டிங்கில் இன்னொன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஃபேக்டரியில் நஷ்டம் வந்தால், ஃபோர்மேன் கட்டுப்படுத்தக்கூடியதை மட்டும் ஃபோர்மேன் தலையில் எழுது, மூலப்பொருள் விலை ஏறியதை அவன் தலையில் கட்டாதே என்று. அத்தை ஓரத்தில் நின்றது யார் கட்டுப்பாட்டில் இருந்தது? பையனுக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஓரத்தில் ஒல்லியான நெட்டைப் பையன்களை நிறுத்தி அத்தையை உள்ளே இழுத்திருக்கலாம். அனுபவம் இருந்தால் செய்திருப்பான். ஆனால் ரெண்டு பேட்ச் என்று கேட்டவனும் அவன்தான். வேண்டாம் என்றவன் பிறகு நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன். அசோக் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஸ்டுடியோ. அடையாளம் கண்டுகொண்டான், "வாங்க சார்" என்றான். சுற்றி வளைக்காமல், அன்றைக்கு நான் சொன்னது தப்பு, லென்ஸ் மேல் குற்றமில்லை என்றேன்.

"அந்த லென்ஸ் இப்ப இல்ல சார். வித்துட்டேன்."

"ஏன்?"

"நீங்க அவ்ளோ பேர் முன்னாடி சொன்னீங்கல்ல. எனக்கும் டவுட் வந்துடுச்சு. கஸ்டமர் எல்லாரும் அப்படியே நினைப்பாங்கன்னு பழைய கேமராவையும் சேத்துக் கொடுத்துட்டு, ஃபுல் ஃப்ரேமும் பெரிய லென்ஸும் எடுத்துட்டேன். 24 மாச இஎம்ஐ." அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினான். சிவப்பு வளையம். "நல்ல லென்ஸ்தான் சார். ஓரத்துல நிக்கிறவங்கதான் இதுலயும் இழுபடுறாங்க."

பணத்தை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டான். இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன்.

"பதினொரு மாசம் சார். சித்திரை, வைகாசில நிறைய முகூர்த்தம் புக் ஆயிருக்கு. அடைச்சிடலாம்" என்றான்.

அது 2020 மார்ச் முதல் வாரம்.