உடைமையும் காவலும்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில், பழவேற்காடு ஏரிக்கு அருகே உள்ள சிற்றூர் தடா. 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்தின் மாவட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்திலிருந்த தடாவும், சித்தூர் மாவட்டத்திலிருந்த சந்திரகிரியும் புதிய திருப்பதி மாவட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. தடாவாசி ஒருவர் காலையில் புறப்பட்டு, ஸ்ரீகாளஹஸ்தி, திருப்பதி வழியாகச் சந்திரகிரிக்குச் சென்று, வழிகாட்டி ஒருவருடன் கோட்டையையும் அரண்மனைகளையும் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். ‘எங்கள் மாவட்டத்துக் கோட்டை’ என்று அவர் இப்போது சொல்லிக்கொள்ளவும் செய்யலாம். ‘எங்கள்’ என்ற அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது.

மலையடிவாரத்தில் அமைந்த இக்கோட்டை பலர் கைக்கு மாறியது. இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-இல் விஜயநகர அரியணை ஏறினார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு சிதைந்த பின், பெனுகொண்டாவிலிருந்து தலைநகரம் 1592 வாக்கில் இங்கு வந்தது. ராஜ மஹால் மூன்றடுக்கு மாளிகை. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, மரமே சேர்க்காமல் எழுப்பப்பட்டது. வளைவுகள் ஒருபுறம், கோயில் விமானம் போன்ற கோபுரங்கள் மறுபுறம் என இரு மரபுகள் அதில் கைகோத்து நிற்கின்றன. இப்போது அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

சென்னை நகரத்துக்கான நிலம் இந்த மண்டபத்தில்தான் எழுதிக் கொடுக்கப்பட்டது என்று சொல்லாத வழிகாட்டி அரிது. அந்நிலத்தை 1639 ஆகஸ்டில் ஆங்கிலேயருக்கு அளித்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். விஜயநகர மன்னர் ஸ்ரீரங்கர் 1645-இல் அதை உறுதிப்படுத்தினார். மறு ஆண்டே சந்திரகிரி கோல்கொண்டா சுல்தானின் வசமாயிற்று. பிறருக்குச் சாசனம் அளித்தவரால் தம் கோட்டையைக் காத்துக்கொள்ள இயலவில்லை.

இக்கதையைக் கேட்டதும் ‘எல்லாம் இவ்வளவுதானே!’ என்ற பெருமூச்சு கேட்பவருக்குத் தானாக வருகிறது. மயானத்தில் தோன்றும் வைராக்கியம் போன்றது இது. வாயிலைத் தாண்டி வண்டியில் ஏறும்போது கரைந்துவிடும். மேலும், இழந்தது பிறருடைய அரண்மனை. பிறர் உடைமை அழிந்ததைக் கண்டு நிலையாமை பேசுவது எளிது. அதே மனிதர் வீடு திரும்பியதும் எல்லைச் சுவர் ஒரு சாண் நகர்ந்ததற்காக அண்ணன் தம்பியோடு வழக்காடத் தயங்குவதில்லை. ஆகவே அரண்மனைக்குச் சென்று வருவதால் பற்று குறையும் என்று நம்புவதற்கு அதிக ஆதாரம் இல்லை.

எனினும் அங்கு ஓர் அரிய நிலை வாய்க்கிறது. மண்டபத்தின் அழகைக் கண்டு மகிழ்பவர் அதை வாங்க நினைப்பதில்லை. பக்கத்தில் நிற்பவரும் மகிழ்வதால் அவருடைய மகிழ்ச்சி குறைவதுமில்லை. ஒருவேளை உணவைக்கூட இவ்வளவு பொறாமையின்றி மனிதன் உண்பது அரிது. ‘எனது’ என்னும் எண்ணம் இல்லாத அனுபவம் எப்படியிருக்கும் என்பதை, எந்தச் சாதனையும் செய்யாத சாதாரண மனிதரும் அரை நாள் சுவைத்துவிடுகிறார்.

ஆனால் பற்றின்மைக்கு வேறொரு முகமும் உண்டு. நம் நாட்டுப் பழங்கட்டடங்கள் பலவற்றின் சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்களைக் காணாதவர் இல்லை. ‘என்னுடையது அல்ல’ என்பதால் மனம் விடுதலை பெறுவதும் உண்டு. ‘எனக்கென்ன’ என்று பாழாக்கத் துணிவதும் உண்டு. இரண்டும் ஒரே சொற்றொடரிலிருந்து கிளைப்பதுதான் வியப்பு. கீறுபவர் உண்மையில் பற்றற்றவரும் அல்லர். நூற்றாண்டுகள் பழமையான சுவரில் தம் பெயரைப் பதித்து அதைச் சிறிதேனும் தமதாக்கிக்கொள்ளவே விழைகிறார். பொறுப்பை மட்டும் துறந்துவிட்டார், ஆசையைத் துறக்கவில்லை.

அரண்மனையில் இருந்தே பற்றற்று வாழ்ந்தவராக ஜனகரை நம் நூல்கள் போற்றுகின்றன. மகாபாரதத்தின் சாந்தி பர்வமோ அவரைப் பற்றி இன்னொரு கதையும் சொல்கிறது. அரசைத் துறந்து பிட்சை ஏற்கப் புறப்பட்ட ஜனகரை அவர் மனைவியே கடிந்துகொள்கிறாள். அவரை நம்பியிருப்போரின் கதி என்ன என்பது அவள் கவலை. போருக்குப் பின் அரசு வேண்டாம் என்ற யுதிஷ்டிரருக்கு அர்ஜுனன் இதைக் கூறுகிறான். ஜனகரின் பெருமையை மட்டும் மேற்கோள் காட்டி, அரசியின் கேள்வியை விட்டுவிடுவது நியாயம் ஆகாது.

கிருஷ்ணதேவராயரின் வாழ்வும் இவ்விஷயத்தில் எளிய பாடம் தருவதாயில்லை. 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்து காணிக்கைகளைக் குவித்தவர் அவர். கோயிலில் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவரது உலோகத் திருவுருவை இன்றும் காணலாம். அதே மன்னர் தம் சகோதரர் அச்யுதரை இதே சந்திரகிரிக் கோட்டையில் அடைத்து வைத்திருந்ததாகப் போர்த்துகீசியரான நூனிஸ் எழுதிவைத்துள்ளார். 1529-இல் அச்யுதரே அரசரானார். நவரத்தினங்களைக் கொடுக்க முடிந்த கைகளுக்கு, அரியணை பறிபோகுமோ என்ற ஐயத்தைக் கொடுத்துவிட முடியவில்லை. வழிகாட்டி இதைச் சொல்வாரோ மாட்டாரோ, பார்வையாளர் அறிந்திருப்பது நல்லது.

உடைமைக்கும் துறவுக்கும் இடையே ஒரு நிலையைக் காந்தியடிகள் வற்புறுத்தினார். 1937 ஜனவரியில் திருவிதாங்கூரில் பயணம் செய்தபோது ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரத்தையே கூட்டந்தோறும் விளக்கினார். செல்வர் தம் செல்வத்துக்கு உரிமையாளர் அல்லர், தர்மகர்த்தாவே என்பது அவர் கருத்து. செல்வர்கள் அதை எவ்வளவு ஏற்றனர் என்பது வேறு கதை. சந்திரகிரியிலோ அக்கருத்து சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது. காலையில் கதவைத் திறந்து, மாலையில் பூட்டும் காவலருக்கு அங்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. மழைநீர் எங்கே இறங்குகிறது, எந்த மூலையில் செடி வேர்விடுகிறது என்பது அவருக்கே தெரியும்.

காவலின் சுமை இன்னொருவர் மீதும் விழுகிறது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சின்னத்தின் அருகே வாழும் குடும்பம், மகனுக்குத் திருமணமாகி மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டுமென்றாலும் இச்சட்டத்தைத் தாண்டியாக வேண்டும். தமதல்லாத மாளிகைக்காகத் தம் வீட்டைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. ஆதலால் அதைத் தியாகம் என்று புகழ்ந்து கடந்துவிடுவது நேர்மையாகாது. சிறு தொகைக்கு நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்பவர்களுக்கு வாயிலுக்கு வெளியே இருக்கும் அவ்வீடுகளை எந்த வழிகாட்டியும் காட்டுவதில்லை.