கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தனி வகுப்பு: பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

"உங்கள் பிள்ளை மிகுந்த புத்திசாலி, தனி வகுப்பில் சேர்க்க விரும்புகிறோம்" என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தால், எந்தத் தாய் தகப்பனுக்குத்தான் உள்ளம் பூரிக்காது? அந்த மகிழ்ச்சி குற்றமன்று. ஆயினும், பெற்றோரே, கையெழுத்திடுமுன் சற்றுப் பொறுங்கள். பிள்ளை நம் பெருமைக்காகப் பிறந்தவன் அல்லன். ஆகவே சில கேள்விகளைக் கேட்டறிவது நம் கடமை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். மற்றவர்கள் ஒரு மணி நேரம் போடும் கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் ஒருவிதப் பசி உண்டு. அப்பசியைக் கவனியாவிட்டால் அவன் சோம்பேறியாவான். அல்லது குறும்பன் என்று பெயர் எடுப்பான். அவனுக்கேற்ற பாடத்தைக் கொடுப்பது சலுகையன்று, நீதியே. ஆனால் பசித்தவனுக்குச் சோறிடுவது வேறு. அவன் சட்டையில் பதக்கம் குத்தி அனுப்புவது வேறு. தனி வகுப்பு இவ்விரண்டில் எதைச் செய்கிறது? இதை அறியவே நம் கேள்விகள்.

முதற் கேள்வி: பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன் என்பவர், 1921-ஆம் ஆண்டில் தொடங்கி, அறிவுச் சோதனை நடத்தி ஏறக்குறைய 1,500 பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் வளர்ச்சியை ஆராய்ந்தார். சோதிக்கப்பட்டும் சேர்க்கப்படாத பிள்ளைகளுள் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்போர். முன்னவர் 1956-லும் பின்னவர் 1968-லும் பௌதிகத்தில் நோபெல் பரிசு பெற்றனர். பொறுக்கியெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அப்பரிசு கிட்டவில்லை. ஆகவே கேளுங்கள்: ஒருநாள் பரீட்சை மட்டுந்தானா, அல்லது ஆண்டு முழுதும் பிள்ளையைப் பார்த்த ஆசிரியரின் சொல்லுக்கும் இடமுண்டா? இவ்வாண்டு தவறியவன் அடுத்த ஆண்டு சேரலாமா? பணம் கட்டி டியூஷனில் பழக்கப்பட்ட பிள்ளையையும், பழக்குவாரின்றித் தானே சிந்திக்கும் பிள்ளையையும் பிரித்தறிய வழியுண்டா?

இரண்டாம் கேள்வி: அங்கே என்ன கற்பிக்கிறீர்கள்? அடுத்த ஆண்டுப் பாடத்தையே இவ்வாண்டு திணித்தால் அது சுமையே தவிர வேறில்லை. ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டுப் பார்க்கவும், ஏன் என்று கேட்கவும், விடை தெரியாத கேள்வியோடு பொறுமையாய் இருக்கவும் பழக்குகிறார்களா?

மூன்றாம் கேள்வி: தவறு செய்ய அங்கே இடமுண்டா? 1998-ல் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். "நீ புத்திசாலி" என்று புகழப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர், பிறகு தங்களுக்குச் சுலபமான வேலையையே தேடினர். "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்களோ, கற்றுக்கொள்ள உதவும் கடினமான வேலையை விரும்பினர். புத்திசாலி என்ற பட்டம் பெற்ற பிள்ளைக்கு அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தோடு இரவில் உறங்கச் செல்லும் பிள்ளையை நாம் பாக்கியவான் என்று சொல்லலாமா? தனி வகுப்பு ஒத்துவராவிட்டால், வெட்கமின்றித் திரும்பிவர வழியுண்டா என்பதையும் கேளுங்கள்.

நான்காம் கேள்வி: மற்றப் பிள்ளைகளின் கதி என்ன? சிங்கப்பூரில் 1984-ல் இத்தகைய திட்டம் ஆரம்பமாயிற்று. மூன்றாம் வகுப்பில் சோதனை வைத்து, நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் தேர்ந்தெடுத்தார்கள். தேறியவர்கள் தனி வகுப்பு நடந்த ஒருசில பள்ளிகளுக்கு மாறினார்கள். காலப்போக்கில் அப்பள்ளிகள் ஒன்பதாயின. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், அந்த முறையைக் கைவிடுவதாகப் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்தார். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் மாணவர்களில் திறமை மிக்கவர்களை அங்கேயே வளர்க்கும். அவர்கள் பழகிய ஆசிரியரையும் தோழரையும் விட்டுப் போகவேண்டியதில்லை என்பது புதிய ஏற்பாட்டின் சாரம். திறமையைப் பேணுவதற்காக உறவை அறுக்கவேண்டியதில்லை என்று அந்நாடு கண்டது நாமும் சிந்திக்கத்தக்கது. நல்லாசிரியர்கள் அனைவரையும் தனி வகுப்புக்கே ஒதுக்கிவிட்டு, மற்றவர்களை ஏனோதானோ என்று விட்டால், அது ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு விருந்தும் மற்றவனுக்குக் கஞ்சியும் வைப்பது போலாகும்.

கடைசிக் கேள்வியைப் பள்ளிக்கூடத்தாரிடம் அன்று, நம்மிடமே கேட்கவேண்டும்: இதை நாம் விரும்புவது யாருக்காக? பிள்ளையின் பசிக்காகவா, உறவினர் முன் நாம் தலைநிமிர்ந்து நடப்பதற்காகவா? கூர்மையான புத்தி பிள்ளை சம்பாதித்ததன்று. நாம் சம்பாதித்துக் கொடுத்ததுமன்று. அது கொடை. கொடை பெற்றவன் கடன்பட்டவன். பக்கத்தில் இருப்பவனுக்குப் புரியாததைப் பொறுமையோடு சொல்லிக்கொடுக்க அவன் கற்றுக்கொள்ளாவிட்டால், எத்தனை பரிசு வாங்கினாலும் அவன் படிப்பில் ஒரு குறையுண்டு.

கடிதம் வராத மற்றொரு பிள்ளையும் உங்கள் வீட்டில் இருக்கலாம். தம்பியோ தங்கையோ, கதவோரம் நின்று உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணனைப் புகழும் வேளையில் அதன் முகத்தையும் பாருங்கள். எந்தத் தனி வகுப்பில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், இந்த வீட்டில் தன் மதிப்புக் குறையாது என்று ஒவ்வொரு பிள்ளையும் சந்தேகமின்றி அறியவேண்டும். அதை அறிவிக்கும் பொறுப்பு பெற்றோராகிய உங்களுடையதே.