தூரமும் நேரமும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? பூகோள உருண்டையின் மீது நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். ஆகாய விமானம் இடையில் எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கு மேல் பறந்து போய்ச் சேர்கிறது. எங்கும் நில்லாமல் இவ்வளவு தூரம் போகும் பிரயாணிகள் விமானம் உலகில் வேறில்லை எனலாம்.

இந்தச் சேவையின் கதை வியாபாரிகளாகிய நமக்கு நன்கு விளங்கக் கூடியது. 2004-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கம்பெனியார் நியூயார்க்கை அடுத்த நுவர்க் நிலையத்துக்கு இதனைத் தொடங்கினர். நான்கு எஞ்சின் விமானம். எண்ணெயைக் குடித்துத் தீர்த்தது. கணக்குக் கட்டுபடியாகவில்லை. 2013-ல் நிறுத்தினர். குறைந்த எண்ணெயில் பறக்கும் இரண்டு எஞ்சின் விமானம் வந்த பின், 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கினர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நியூயார்க் நகரம் ஓர் அங்குலமேனும் விலகிப் போயிற்றா? இல்லை. ஆயினும் வழியில் இறங்கி ஏறிய பிரயாணிக்கு அது பல மணி நேரம் தள்ளிப் போயிற்று. ஆக, தூரம் பூமியைச் சேர்ந்தது. நேரமோ மனிதனின் வசதியையும் செலவையும் சேர்ந்தது.

அப்படியானால் "தூரமாக இருக்கிறது, வர இயலவில்லை" என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? ரஜூலா கப்பலில் நாட்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்த நம் முன்னோர் அப்படிச் சொன்னால் அதில் நியாயம் இருந்தது. தகப்பனார் மவுத்தான செய்தி கிடைக்கும்போதே அடக்கம் முடிந்திருக்கும். ஊராரும் குறை சொல்லவில்லை. இன்று திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்; நான்கு மணி நேரப் பறப்பு. பழைய சாக்கு போய்விட்டது. போன இடத்தில் புதியது ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது: "பக்கந்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம்!" கப்பல் காலத்தார் மூன்றாண்டுக்கொரு முறை போனாலும் ஆறு மாதம் தங்கினார்கள். நாம் நோன்புப் பெருநாள் வியாபாரம் முடியட்டும், சரக்கு வந்து இறங்கட்டும் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறோம்.

கடைச் சிப்பந்தியின் நிலை வேறு. அவனுக்கு ஊர் நான்கு மணி நேரம் அன்று. எத்தனை மாதச் சம்பளம் என்பதே அவன் அளக்கும் தூரம். லீவு கேட்கும் அவனிடம், "நாலு மணி நேரந்தானே, அப்புறம் போகலாம்" என்று சொல்லும் முதலாளி, தன் அளவுகோலால் பிறர் துணியை அளக்கிறார். நானும் சொல்லியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு வியாபார விஷயமாக நியூயார்க் போய் வந்தேன். திரும்பியதும் ஊரிலுள்ள லாத்தாவுடன் போனில் பேசினேன். அவரைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

"அமெரிக்காவுக்கு எவ்வளவு நேரம் தம்பி?" என்றார்.

"பதினெட்டு மணி நேரத்துக்கு மேலே லாத்தா," என்றேன் பெருமையாக.

"நம்ம ஊருக்கு?"

சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.