பழைய துப்பாக்கி விற்கலாமா?

வணிகச் சகோதரர்களே! பண்டமாரானில் பழைய சாமான் விற்க வருபவர், அவற்றோடு ஒரு பழந்துப்பாக்கியையும் காட்டி, "அலங்காரப் பொருள்தானே, நல்ல லாபம் வரும்" என்றால் நாம் என்ன செய்வது?

வாங்குபவன் ஆயுதத்தைக் கொண்டு பாவம் செய்வான் என்று தெரிந்தால் விற்பது ஹராம். சந்தேகம் மட்டுமிருந்தால் மக்ரூஹ் என்பர் ஷாபிஈ மத்ஹபு அறிஞர். பழம்பொருளோ பல கைமாறி வருவது. முன்பு எவரிடம் இருந்தது, இனி எவரிடம் போகும் என்பது நமக்குத் தெரியாது. 'தெரியாது' என்பது விடுதலையாகுமா? கேட்டறிய வழியிருந்தும் கேளாதிருப்பது அறியாமையன்று. லாபத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்வதே.

நாட்டுச் சட்டமும் கடுமையானது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். போலித் துப்பாக்கிக்கும் தடையுண்டு. அனுமதியின்றி இரண்டுக்கு மேல் வைத்திருந்தால், ஆயுத வியாபாரம் செய்ததாகவே 1971ஆம் ஆண்டின் சட்டம் அனுமானிக்கும்.

அவசர காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். போலீசில் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் கூறியது எடுபடவில்லை. நிய்யத்தை அல்லாஹ் அறிவான். மனிதர் கையிலிருப்பதையே காண்பர்.

ஆகவே அத்தகைய பொருளை விலை பேசாமல் மறுத்துவிடுவோம். பாட்டனார் விட்டுச் சென்றது வீட்டிலிருந்தால், விற்க ஆள் தேடாமல் முதலில் போலீசுக்குத் தெரிவிப்போம். ஒரு நாள் லாபம் போகலாம். பிறர் இரத்தத்தில் பங்கு வேண்டாம். வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.