அசலும் அச்சும்

பாரசீகக் கதைகளில் வரும் பரீயோ நம் நாட்டுத் தேவகன்னியோ தீட்டப்பெற்ற பழைய படம் கைக்கு வந்தால், "இது ஓவியன் கைபட்ட அசல்தானா?" என்னும் வினா எழுகிறது. அதன் பின்னே இன்னொரு வினா நிற்கிறது: அசல் அன்று என அறிந்தபின் நம் நா என்ன சொல்லும்?

முதல் வினாவுக்கு விடை காண வழி உண்டு. ராஜா ரவிவர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். மேனகை முதலிய தேவமங்கையரின் படங்கள் அங்கிருந்து வீடுகள்தோறும் சென்றன. பிற்காலத்தில், சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டைய ராஜுவின் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளில் பரப்பின. மெருகேற்றிய பழைய அச்சு, தீட்டிய ஓவியம் போலவே தோன்றும். ஆயினும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது தன்னைக் காட்டிவிடும்: கல்லச்சில் ஒழுங்கற்ற நுண்புள்ளிகள், ஆப்செட் அச்சில் வரிசை தவறாத புள்ளிகள். தூரிகை ஓவியத்திலோ வண்ணத்தின் மேடுபள்ளம் உருவத்தின் வளைவையே தொடர்ந்து செல்லும்.

அச்சுப் படம் தன்னளவில் போலி அன்று. விசைத்தறிச் சேலையில் குற்றமில்லை. அதைக் கைத்தறி எனக் கூறி விற்கும் வாயில்தான் குற்றம். தறியோசையிடையே வாழும் சங்கரன்கோவில் மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உருவப் படங்களைப் பற்றிய மார்க்கச் சட்டம் தனி ஆய்வுக்குரியது. இங்கு நாம் கருதுவது வாணிப நேர்மையை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுள் கைவிட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டார்கள் பெருமானார். வணிகர் பொய்யேதும் சொல்லவில்லை, மறைத்தார், அவ்வளவே. அதுவே கண்டனத்துக்குரியதாயிற்று.

பாட்டனார் விட்டுச்சென்ற படத்தை விற்றுப் பேத்தியின் நிக்காஹை நடத்த எண்ணும் குடும்பத்துக்கு இச்சோதனை எளிதன்று. "அச்சுதான்" என்ற ஒரு சொல், பெருந்தொகையைச் சிறு தொகையாக்கிவிடும். எனினும் சொல்லியே ஆக வேண்டும். தெளிவில்லையெனில் அந்த ஐயத்தையும் உரைத்துவிட வேண்டும். வாங்குவோருக்கும் இதே நீதிதான். அறியாத ஏழை வீட்டில் அசலைக் கண்டுகொண்டு, அச்சின் விலையைக் கொடுத்து எடுத்துச் செல்பவரும் ஈரத்தை அடியில் மறைத்தவரே.

படத்தைச் சோதிக்கக் கண்ணாடி போதும். அது காட்டியதை ஒளிக்காமல் சொல்ல இறையச்சம் வேண்டும்.