உப்பு இடம் பார்க்கிறது

ஆண்டவருக்கு நம் தலைமுடியின் கணக்கும் தெரியும் என்று பனிமய மாதா கோயிலில் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கணக்கை அவர் எப்படிப் போடுகிறார் என்ற குடைச்சல், உப்புக் குவியலைக் கணினிக்குள் கட்ட உட்கார்ந்தபோதுதான் வந்தது.

அம்மா தூத்துக்குடியில் உப்பு வாருகிறவள். பாத்தியிலிருந்து சுமந்து மேட்டில் கொட்டும் அம்பாரத்தை ஐப்பசி மழைக்கு முன் பனையோலையால் மூடவேண்டும். கொட்டிய அன்றே மூட விடமாட்டாள். "எடம் பாக்குது, பொறுட்டி" என்பாள். பலகையால் நாலு தட்டுத் தட்டுவாள்.

2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் ஒரு மணல்குவியலை யாரும் தொடாமல் வைத்து லேசர் ஒளியில் பார்த்தார்கள். சரிந்து விழாத அந்தச் சரிவிலும் மணிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. நாள்பட வேகம் குறைந்தது, நிற்கவில்லை. தட்டியபோது சீக்கிரம் அடங்கியது. சூடு காட்டியபோது மறுபடி தளர்ந்தது. அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு லேசர் வேறயா?" என்றாள்.

கணினியில் நான் செய்வது கண்டால், ஸ்ட்ராக் என்ற இருவர் 1979இல் எழுதிய வழி. ஒவ்வொரு மணியும் ஓர் உருண்டை. இரண்டு தொடும் இடத்தில் ஒரு சுருள்வில் இருப்பதாக வைத்துக்கொண்டு, விசையைக் கணக்கிட்டு, எல்லா மணியையும் துளி நகர்த்தவேண்டும். அப்படி ஓர் அடிக்கான காலம், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 8,640 கோடி அடி வைக்கவேண்டும். மழைக்காலம் முழுவதையும் இப்படி நடந்து தீராது. மணிகளை நிஜத்தைவிட மெத்தென்று ஆக்கி, அடியை நீட்டி, கொஞ்சம் ஏமாற்றுகிறோம்.

என்னை உறுத்துவது வேறு. எந்த மணி எங்கே, என்ன வேகத்தில் என்று எல்லாமே என் கையில் இருக்கிறது. ஆனாலும் நாளைமறுநாள் எது வழுக்கும் என்று கேட்டால், அத்தனை அடியையும் வைத்துப் பார்த்தால்தான் சொல்லமுடியும். குன்றின்மேல் நிற்பவன் சாலையில் போகிற எல்லோரையும் ஒருசேரப் பார்ப்பதுபோலக் கடவுள் காலத்தைப் பார்க்கிறார் என்றார் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ். என் அம்பாரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு குன்று இல்லை. ஒருவேளை கடவுளும் மணியோடு மணியாக, அடி அடியாகத்தான் வருகிறாரோ? பங்குச்சாமியிடம் கேட்டால் திட்டுவார். எனக்கென்னவோ உயரத்தில் நிற்பவரைவிட இவரிடம்தான் ஜெபம் வருகிறது.

போன புரட்டாசியில் அம்மாவிடமே கேட்டேன்: "இது எப்பம்மா அடங்கும்? ஆண்டவருக்காவது தெரியுமா?"

அவள் கிழக்கே கடல்மேல் கறுத்துவந்த மேகத்தைப் பார்த்தாள். பலகையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கி ஓலை போட்ருவோம்."